ஆயாவின் நாலு கிலோ

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். நீ அனுப்பிய படம் வந்தது. தராசின் மேல் உன் ஆயாவின் பாதம், முள் 54இல் நிற்கிறது. இங்கிருந்து தாம்பரத்துக்குப் புறப்பட்டபோது 58. மூன்று மாதத்தில் நாலு கிலோ குறைத்துவிட்டதாக நீ எழுதியதில் எவ்வளவு பாசம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றிலிருந்து தறியில் எனக்குக் கை ஓடவில்லை.

நம் ஊரில் எடைக்குக் கணக்கு உண்டு. சங்கத்தில் பட்டையும் ஜரிகையையும் நிறுத்துக் கொடுப்பார்கள், நெய்த சேலையை நிறுத்து வாங்குவார்கள். குறைந்தால் எங்கே போயிற்று என்று கேட்பார்கள். உன் தாத்தா இளைத்தபோது அந்தக் கேள்வியை நாங்கள் கேட்கவில்லை. அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்காமல் வழிந்தது. சர்க்கரை அடங்கி உடம்பு லேசாகிவிட்டது என்று அவரே சொன்னார், நாங்களும் மகிழ்ந்தோம். குடலில் கட்டி என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது.

வயதானவர்களுக்குத் தானாகவே ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் நூற்றுக்கு ஐந்து பங்கு எடை குறைந்தால் மருத்துவர்கள் காரணம் தேடுவார்கள். ஆயாவுக்கு ஏழு பங்கு போயிருக்கிறது. சாப்பாட்டைக் குறைத்ததால்தான் என்பாய். இருக்கலாம். உள்ளே வேறு ஏதாவது சேர்ந்து குறைத்திருந்தாலும் உன் பத்தியம் அதை மறைத்துவிடுமே, அம்மா.

பி.எம்.ஐ. 23ஐத் தாண்டக் கூடாது என்பதை உன் அம்மாவுக்குச் சொல், சரி. நம்மவர்களுக்குச் சர்க்கரை எளிதில் வரும். ஆயாவின் வயதுக்கு அந்த எண் பொருந்தாது. 65 வயது கடந்த ஏறக்குறைய 2 லட்சம் பேரைப் பற்றிய 32 ஆய்வுகளை 2014இல் சேர்த்துப் பார்த்தார்கள். 23க்குக் கீழே இறங்க இறங்க இறப்பு கூடியிருந்தது. 24இலிருந்து 30 வரை இருந்தவர்களுக்கு ஆபத்து குறைவு. அதில் பெரும்பாலோர் வெள்ளையர்கள் என்பதால் மேல் எல்லையை நமக்கு அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். என் பயமெல்லாம் கீழ் எல்லையில்தான். கூன் விழுந்து உயரம் குறைந்தவருக்கு பி.எம்.ஐ. கூடுதலாகக் காட்டும் என்பதையும் நினைவில் வை.

மெலிந்தவர்கள் நீண்ட நாள் வாழ்வார்கள் என்பதற்குக் காஞ்சி மகாபெரியவரைச் சொன்னாய். 1894 மே மாதம் பிறந்து 1994 ஜனவரியில் மறைந்தவர், நூறுக்கு நாலு மாதம்தான் பாக்கி. மெலிந்த தேகம், உண்மை. வாழ்நாள் முழுக்கச் சிறுக உண்டு பழகிய உடம்பு அது. தொண்ணூறில் திடீரென்று மெலிய வைக்கும் உடம்பு வேறு. மெலிந்தே இருந்து எழுபதுக்குள் போனவர்கள் நம் தெருவில் எத்தனையோ பேர்; அவர்களை யாரும் உதாரணம் காட்டுவதில்லை. அறுபது கடந்தவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் எடை போதாதவர்கள் என்று 2017-18இல் நாடு முழுக்க எடுத்த கணக்கு சொல்கிறது.

பச்சைப் பட்டை சோப்புத் தண்ணீரில் அவித்தால் எடையில் கால் பங்கு போகும். போவது பசை, நூல் தங்கிவிடும். கிழ உடம்பைப் பட்டினி போட்டால் கொழுப்போடு தசையும் போகும். தசை போனால் கால் தள்ளாடும், விழுந்தால் இடுப்பெலும்பு.

அதனால் நெய்யைத் திரும்பக் கொடு. பருப்பு, முட்டை, தயிர், மீன் என்று நாளுக்கு 55, 60 கிராம் புரதம் சேர வேண்டும். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள். ரத்தப் பரிசோதனையும் இந்த வாரமே எடுத்துவிடு. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல். 15 விநாடிக்கு மேல் ஆனால் பலம் குறைந்திருக்கிறது. கெண்டைக்காலை டேப்பால் அள. பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஐம்பது வருடம் குழித்தறியில் மிதி மிதித்த கால் அது.

ஆயா 1939இல் நாலு வயதில் தன் அப்பாவின் தோளில் உட்கார்ந்து அத்திவரதரைப் பார்த்தவள். 1979இல் என் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். 2019இல் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். மிளகும் சுக்கும் நெய்யும் போட்ட கோயில் இட்லி வாங்கி வருகிறேன், ஆயாவிடம் சொல்லிவை.

அன்புடன்,
மாமா