யாருக்காக நெய்கிறோம்?

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் இருப்புப் பதிவேடுகளைப் பார்வையிடும்போதெல்லாம் ஒரே குறை நம் கண்ணில் படுகிறது. சரக்கு நன்றாகவே இருக்கிறது. அது யாருக்காக நெய்யப்பட்டது என்று கேட்டால் காரியதரிசியும் விழிக்கிறார், நிர்வாகக் குழுவினரும் விழிக்கின்றனர். தேங்கிய துணியின்மேல் மத்தியக் கூட்டுறவு வங்கிக் காசுக்கடனின் வட்டி ஏறிக்கொண்டே போகிறது. கடன் வரம்பு நிரம்பிவிட்டால் நூல் வாங்கப் பணமில்லை; நூலில்லையேல் பாவில்லை; பாவில்லையேல் அங்கத்தினர் வீட்டில் கூலியில்லை.

பவானி ஜமக்காளத்தை எடுத்துக்கொள்வோம். முரட்டுப் பருத்தி நூலில் வண்ணப் பட்டைகளோடு நெய்யப்படும் இவ்விரிப்புக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கைத்தறிக்கெனச் சில இரகங்களை ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலிலும் ஜமக்காளம் உண்டு. இவ்வளவு இருந்தும், விசைத்தறி விரிப்புகள் அதே பெயரில் குறைந்த விலைக்குக் கடைத்தெருவில் விற்கப்படுகின்றன. அவற்றோடு விலையில் போட்டியிட முயன்றால் நாம் தோற்பது திண்ணம். சட்டம் காவல் நிற்கலாம். கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் உள்ள வேறுபாட்டை வாங்குகிறவருக்கு எடுத்துச் சொல்வது நம் வேலை.

வாங்குகிறவர்தாம் யார்? கல்யாண மண்டபத்துக்கு வாங்குபவர் பெரிய அளவு கேட்பார். நூறு பேர் மிதித்தாலும் நைந்துபோகாத உறுதி கேட்பார். ஒருமுறை வாங்கினால் பல ஆண்டுகள் திரும்பி வரமாட்டார். குடும்பத்துக்கு வாங்குபவர், விருந்தினர் வந்தால் விரித்து, போனால் மடித்து வைக்கும் எளிமையை நாடுவார். நகரத்தில் சிறு வீட்டை அழகுபடுத்த விரும்புவோருக்குச் சிறிய விரிப்பும் அடக்கமான நிறமும் வேண்டும். இதை நெய்தவர் யார் என்றும் அவர்கள் கேட்பார்கள், அதற்காகச் சற்றுக் கூடுதல் விலையும் கொடுப்பார்கள். இம்மூவரையும் ஒரே விரிப்பால் திருப்திப்படுத்த இயலாது. தறியின் அகலத்தையும் நெய்வோரின் கைத்திறனையும் கருதி, ஒருவரையோ மிஞ்சினால் இருவரையோ சங்கம் தேர்ந்துகொள்ளவேண்டும்.

இதற்கு ஊகம் வேண்டாம். சென்ற ஆண்டின் விற்பனைச் சீட்டுகளை எடுத்து, எந்த அளவு, எந்த நிறம், எந்த மாதம் விற்றது என்று பிரித்துப் பார்த்தால் போதும். தள்ளுபடி நாட்களின் விற்பனையைத் தனியே வைக்க வேண்டும். அந்நாட்களில் மட்டும் வருகிறவர் துணியைத் தேடி வருகிறாரா, தள்ளுபடியைத் தேடி வருகிறாரா என்பது ஆராயத்தக்கது.

குறிக்கோளும் தெளிவாக வேண்டும். “விற்பனையைப் பெருக்குவோம்” என்று தீர்மானம் எழுதுவது எளிது; அதைப் பிறகு யாரும் அளந்து பார்க்க முடியாது. “ஆடி முடிவதற்குள் பழைய இருப்பைப் பாதியாகக் குறைப்போம், ஒவ்வொரு தறிக்கும் மாதம் 20 நாள் வேலை கொடுப்போம்” என்று எழுதினால் அங்கத்தினர் கேள்வி கேட்கலாம்.

அடுத்தது பெயர். 2006-இல் ஏற்பட்ட கைத்தறி முத்திரை, துணி கையால் நெய்யப்பட்டது என்பதற்குச் சாட்சி; எந்தச் சங்கத்தார் நெய்தனர் என்பதை நம் பெயர்தான் சொல்லவேண்டும். 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸின் பட்டாம்பூச்சியை எழுத்தறியாதவரும் அடையாளம் காண்பர். நம் சங்கங்களிலோ பெயர்ப் பலகையில் ஒரு பெயர், ரசீதில் ஒரு பெயர், பையில் மூன்றாவது பெயர்! ஒரே பெயர், ஒரே சின்னம் எங்கும் இருக்கட்டும். நீளம், அகலம், நூல், துவைக்கும் முறை ஆகியவற்றை அச்சிட்ட சீட்டு ஒன்று ஒவ்வொரு விரிப்பிலும் இணைக்கப்படட்டும். சாயம் போகாது என்று அச்சிடுமுன் துவைத்துப் பார்ப்பது நலம்.

மஞ்சள் பயிரிடும் அங்கத்தினருக்கும் இது பொருந்தும். ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் பூசைக்கடைக்காரர் கிழங்கின் வடிவத்தைப் பார்ப்பார்; குர்குமின் பிரித்தெடுக்கும் ஆலைக்காரருக்கு அச்சத்தின் அளவே முக்கியம், மெருகு அன்று. இருவருக்கும் ஒரே மூட்டையை அனுப்புவதில் பொருளில்லை.

அடுத்த பாவு கொடுக்குமுன், இது யாருக்கு, என்ன விலைக்கு, எந்த மாதத்துக்குள் என்று காரியதரிசி ஒரு தாளில் எழுதி நிர்வாகக் குழுவின்முன் வைக்கட்டும். “எல்லோருக்கும்” என்று அதில் கண்டால், குழுவினர் கையெழுத்திடாமல் அத்தாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.