ஒரு வெட்டுத்தாளை உங்கள் மகளின் அளவுக்கு மாற்றுவோம்

சனவரியில் முதலாம் தவணை தொடங்குகிறது. பிள்ளைக்கு வெள்ளைத் துணி கிடைத்திருக்கும். சட்டை தைக்கும் வெட்டுத்தாள் ஒன்றும் பக்கத்து வீட்டிலோ மாதர் சங்கத்திலோ இருக்கும். ஆனால் அந்தத் தாள் எட்டு வயதுப் பிள்ளைக்கு வெட்டியது, உங்கள் மகளுக்கு ஆறு வயது. துணி ஒரு சட்டைக்குத்தான் காணும், பிழையாக வெட்டினால் மீண்டும் வாங்க வழியில்லை. ஆகவே கத்தரிக்கோல் துணியைத் தொடுவதற்கு முன் மாற்றங்கள் எல்லாவற்றையும் தாளிலேயே செய்து முடியுங்கள்.

இரவல் தாளை மடிக்கவோ வெட்டவோ வேண்டாம், இன்னொரு தாய்க்கும் அது தேவைப்படும். அதை வேறு தாளில் வைத்து வரைந்து எடுங்கள். பத்திரிகைத் தாளின் மை வெள்ளைத் துணியில் பிடிக்கும். வீடு கட்ட வந்த சீமெந்துப் பையின் உள்ளே இருக்கும் மண்ணிறத் தாளை நன்றாக உதறித் துடைத்து எடுத்தால், தடிப்பாகவும் கிழியாமலும் இருக்கும். இதைவிட நல்ல தாள் கடையிலும் கிடைக்காது.

துணியை முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறவைத்துப் பிழியாமல் நிழலில் உலரவிட்டு மினுக்கிக்கொள்ளுங்கள். பருத்தித் துணி முதல் கழுவலில் சுருங்கும். அது சட்டையான பிறகு சுருங்குவதைவிட இப்போதே சுருங்கிவிடுவது நல்லது.

இனிப் பிள்ளையை அளவெடுக்கலாம். அளவுநாடா இல்லாவிட்டால் ஒரு நூலால் சுற்றிப் பிடித்து, அந்த நூலை அடிமட்டத்தில் வைத்துப் பாருங்கள். வேண்டிய அளவுகள்: கைகளைத் தொங்கவிட்டபடி அக்குளுக்குக் கீழே நெஞ்சுச் சுற்று, பிடரி எலும்பிலிருந்து இடுப்பு வரையான நீளம், இடுப்பிலிருந்து முழங்கால் வரையான நீளம். பிள்ளை மெலிந்திருக்கலாம். ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கினால் சில மாதங்களிலேயே உடம்பு வைக்கும். அதனால் இன்றைய உடம்போடு ஒட்டியபடி தைக்காதீர்கள்.

அடுத்து தாளை அளவுங்கள். முன்பக்கத் தாள் துணியின் மடிப்பில் வைத்து வெட்டுவது என்பதால் அது சட்டையின் கால்வாசி மட்டுமே. தையலுக்கு விட்ட இடத்தைக் கழித்து, அக்குள் கோட்டில் 7½ அங்குலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கால் பெருக்கினால் 30. நெஞ்சு 26 அங்குலமான பிள்ளைக்கு 4 அங்குலம் தளர்வு விட்டு வரைந்த தாள் அது. உங்கள் மகளின் நெஞ்சு 24 என்றால், அதே தளர்வோடு 28 வேண்டும். வித்தியாசம் 2 அங்குலம். அதைத் தாளில் குறைக்கும்போது நான்காகப் பிரித்து ½ அங்குலம் மட்டுமே குறைக்க வேண்டும். பலர் முன், பின் தாள்கள் ஒவ்வொன்றிலும் 2 அங்குலத்தையும் வெட்டிவிடுவார்கள். அப்போது சட்டை 8 அங்குலம் சிறுத்துவிடும்.

அந்த ½ அங்குலத்தையும் ஓரத்திலேயே வெட்டக்கூடாது. அப்படிச் செய்தால் நெஞ்சு பொருந்தும், ஆனால் தோள் பெரிய பிள்ளையின் தோளாகவே இருந்து கைப்பக்கம் சரியும். பாதியைத் தோளிலும் பாதியை ஓரத்திலும் எடுங்கள். தோளின் நடுவிலிருந்து இடுப்பு வரை நேராக ஒரு கோடு போட்டு, ¼ அங்குலம் தள்ளி இன்னொரு கோடு போடுங்கள். ஒரு கோட்டை மற்றதன்மேல் கொண்டுவந்து மடித்துக் குண்டூசி குத்துங்கள். மீதி ¼ அங்குலத்தை அக்குளிலிருந்து இடுப்பு வரை ஓரத்தில் குறையுங்கள். பின்பக்கத் தாளிலும் இதையே செய்யுங்கள். மடித்த இடத்தில் தோள்கோடு முறிந்திருக்கும், அடிமட்டம் வைத்து நேராக்குங்கள். கழுத்தைத் தொட வேண்டாம்.

நீளத்தையும் இவ்வாறே மாற்றலாம். தாளில் பிடரியிலிருந்து இடுப்பு 11 அங்குலம், பிள்ளைக்கு 10½ என்றால், அக்குளுக்கும் இடுப்புக்கும் இடையில் குறுக்கே ½ அங்குல இடைவெளியில் இரண்டு கோடுகள் போட்டு மடியுங்கள். இடுப்பு விளிம்பை வெட்டிக் குறைத்தால் அதன் வளைவு கெட்டுவிடும். கைக்குழி ஆழத்தைக் குறைக்க நேர்ந்தால் கைத் தாளிலும் அதே அளவை மடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கை குழிக்குள் பொருந்தாமல் பொங்கி நிற்கும்.

பாவாடைப் பகுதிக்குத் தாள் தேவையில்லை, கணக்குப் போதும். 36 அங்குல அகலத் துணியில் இரண்டு அகலம் எடுத்தால் 72 அங்குலம். ஓரத் தையல்களுக்கு 2 போக 70. மேற்பகுதியின் இடுப்புச் சுற்று 26 ஆக வந்திருந்தால், 44 அங்குலம் மடிப்புகளுக்குள் போக வேண்டும். எட்டுப் பெட்டி மடிப்புகள் என்றால் ஒவ்வொன்றும் உள்ளே 5½ அங்குலம் எடுக்கும். வெளியே தெரிவது அதன் பாதி, 2¾. மடிப்புகளுக்கு நடுவே அரை அங்குல இடைவெளி விழும். துணி குறைவாக இருந்தால் மடிப்பின் எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். ஒவ்வொரு மடிப்பையும் சிறிதாக்குங்கள், வகுப்பில் மற்றப் பிள்ளைகளின் சட்டையிலிருந்து அது வேறுபட்டுத் தெரியாது. ஆறு வயதில் பிள்ளைகள் அதைக் கவனிக்கத்தான் செய்கிறார்கள்.

வளர்ச்சிக்கு இடம் விடுவது இரண்டு இடங்களில். மேற்பகுதியின் பக்கத் தையலில் அரை அங்குலத்துக்குப் பதிலாக ஒரு அங்குலம் விடுங்கள். கீழ் விளிம்பை 4 அங்குலம் உள்ளே மடித்துக் கையால் தையுங்கள், மெசின் தையல் வேண்டாம். கைத்தையலைப் பிரித்தால் துணியில் துளை தெரியாது. அடுத்த வருடம் பக்கத் தையலைப் பிரித்து அகட்டும்போது இடுப்பில் மடிப்புகளையும் கொஞ்சம் தளர்த்தி, விளிம்பை 2 அங்குலம் இறக்கலாம்.

வெட்டுவதற்கு முன் ஒரு பரிசோதனை. பழைய சேலைத் துண்டிலோ கிழிந்த படுக்கை விரிப்பிலோ மேற்பகுதியை மட்டும் வெட்டி, நீண்ட கைத்தையல் போட்டு மகளுக்கு அணிவித்துப் பாருங்கள். இரண்டு கைகளையும் மேலே தூக்கச் சொல்லுங்கள், நிலத்தில் இருந்து எழும்பச் சொல்லுங்கள். கை தூக்கும்போது இடுப்பு ஏறினால் கைக்குழி சரியில்லை, குனியும்போது முதுகு இழுத்தால் தளர்வு காணாது. தலை நுழைகிறதா என்றும் பாருங்கள். பின்பக்கம் திறந்து பொத்தான் வைக்கும் சட்டையென்றால் இது பிரச்சினையில்லை.

சரியென்றால் மகளின் பெயரையும் அளவையும் திகதியையும் தாளில் எழுதி, வெள்ளைத் துணியை மடித்து விரியுங்கள். வெட்டி முடித்ததும் தாளைச் சுருட்டி வையுங்கள். தங்கைக்கு அதிலிருந்தே மடித்துக்கொள்ளலாம்.