பறவைக் காய்ச்சலும் மனிதரும்

பறவைகளைப் பற்றும் இன்புளுவென்சா வைரசு நேரே மனிதரைத் தொற்றி உயிர் கொள்ளும் என்பதை உலகம் தெளிவாகக் கண்டது 1997ஆம் ஆண்டிலாகும். கண்ட இடம் ஹொங்கொங். ஆங்கு நிகழ்ந்தது யாது, அதனால் நாம் அறியத்தக்கது யாது என்பவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் ஹொங்கொங்கின் நாட்டுப்புறப் பண்ணைகளிற் கோழிகள் ஆயிரக்கணக்கில் மாண்டன. மே மாதத்தில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் சுரமுற்று இறந்தான். அவனுடலிற் பெற்ற வைரசு, கோழிகளைக் கொன்ற எச்5என்1 வகையினதே என ஆகஸ்டு மாதத்தில் அயல்நாட்டு ஆய்வுகூடங்கள் துணிந்தன. நவம்பர், டிசெம்பர் மாதங்களில் மேலும் 17 பேர் நோயுற்றனர். ஆக 18 பேருள் 6 பேர் இறந்தனர்.

வைரசு ஓர் உயிரணுவினுட் புகவேண்டின், அதன் மேற்பரப்பிலுள்ள ஒருவகைச் சர்க்கரைக் கூற்றை முதலிற் பற்றுதல் வேண்டும். வைரசின் எச் என்னும் புரதத்தைத் திறவுகோல் எனவும், அச்சர்க்கரைக் கூற்றைப் பூட்டு எனவும் கொள்வாம். பறவையின் குடலிலுள்ள பூட்டு ஒரு வகை. மனிதரின் மூக்கிலும் தொண்டையிலும் மிக்குள்ள பூட்டு மற்றொரு வகை. ஆதலின் பறவை வைரசு நம்மை எளிதிற் பற்றுவதில்லை. எனினும் பறவையின் பூட்டை ஒத்தவை நம் நுரையீரலின் ஆழத்தே உள. நோயுற்ற கோழியின் எச்சத்தூள் மூச்சுடன் மிகுதியாகச் சென்றால் வைரசு அவ்வாழத்தை அடையும். நோய் அரிதாக வருவதும், வந்தவிடத்துக் கொடிதாவதும், ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு எளிதிற் பரவாமையும் இதனால் ஒருவாறு விளங்கும்.

அங்ஙனமாயின் அஞ்சுவது எதற்கு எனின், வைரசு மாறுந் தன்மையது. அது பெருகுந்தோறும் அதன் மரபுச்செய்தியிற் சிறு பிழைகள் நேர்கின்றன. அவற்றுள் ஒன்று திறவுகோலைத் திருத்திவிடலாம். இன்னும், அச்செய்தி எட்டுத் துண்டுகளாக உள்ளது. மனித வைரசும் பறவை வைரசும் ஓருயிரணுவில் ஒருங்கு புகின், துண்டுகள் கலந்து புதுவகை தோன்றலாம். 1957, 1968ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் பரவிய இன்புளுவென்சாக்கள் இங்ஙனம் பறவை வைரசின் துண்டுகளைப் பெற்றவையே. ஒவ்வொரு மனிதத் தொற்றும் வைரசுக்கு மேலுமொரு வாய்ப்பாகும்.

இதனை உணர்ந்த ஹொங்கொங் அரசு, 1997 டிசெம்பர் 29இல் தொடங்கி ஏறக்குறைய 15 இலட்சம் பறவைகளைக் கொல்வித்தது. நோயற்ற கோழிகளும் மடிந்தன, வணிகர் பெருநட்டமுற்றனர். ஆயினும் அத்தொற்று அத்துடன் நின்றது. பின்னர், நோய்க்குறி காட்டாதே வைரசைச் சுமக்கவல்ல தாராவும் வாத்தும் கோழிச் சந்தையினின்று விலக்கப்பட்டன. 2001 முதல் சந்தைகளை மாதந்தோறும் வெறிதாக்கிக் கழுவும் நாளும் விதிக்கப்பட்டது.

எனினும் வைரசு அழிந்திலது. 2003 முதல் 2024 இறுதிவரை 900க்கு மேற்பட்டோர் எச்5என்1 நோயுற்றமை பதிவாகியுள்ளது. அவருள் ஏறக்குறைய அரைப்பங்கினர் இறந்தனர். இலேசாக நோயுற்றோர் பலர் கணக்கில் வாராதிருக்கலாம் என்பதும் நினைக்கத்தக்கது. 2024 மார்ச்சில் ஐக்கிய அமெரிக்காவிற் கறவைப் பசுக்களிடத்தும் இவ்வைரசு காணப்பட்டது.

நாம் செய்யத்தக்கவை அரியன அல்ல. காரணமின்றி இறந்த பறவையை வெறுங்கையாற் தீண்டாது கால்நடை வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். இறைச்சியையும் முட்டையையும் நன்கு வேகவைத்தும் பாலைக் காய்ச்சியும் உண்ணுதல் வேண்டும். பறவையைத் தொட்டபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். நோயுற்ற பறவையுடன் பழகியவருக்குச் சுரம் காணின், அப்பழக்கத்தை மறையாது வைத்தியருக்கு உடனே உரைத்தல் வேண்டும். மருந்து தொடக்கத்திலேயே பெரிதும் பயன்படும்.

கோழிக்கூட்டின் நலத்தை அயலாரின் காரியம் என்று விடுதல் தகாது. அங்கே நோயைத் தடுத்தல் நம் வீட்டைக் காத்தலேயாகும்.