இடுப்பில் சென்சர், கையில் கொப்பி

கேள்வி: மகள் பதுளையில் போட்டி நீச்சல் பழகுகிறாள். இடுப்பில் கட்டும் சென்சர் வாங்கிக் கொடுத்தால் முன்னேற்றம் தெரியுமா?
– வாசகர், தெமோதரை

பதில்: தெரியும். ஆனால் அவசரப்படாதீர்கள். அந்தக் கருவிக்குள் முடுக்கத்தையும் சுழற்சியையும் அளக்கும் உணரிகள் உள்ளன. முதுகின் அடியில் கட்டினால் உடல் இரு பக்கமும் சமமாக உருள்கிறதா, சுவரை எவ்வளவு பலமாக உதைக்கிறாள், திரும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறாள் என்பதெல்லாம் பதிவாகும். புளூடூத் அலை தண்ணீருக்குள் தாங்காது; பெரும்பாலும் கரையேறித்தான் போனில் பார்க்க வேண்டும்.

முக்கியமான கணக்கு, நிமிடத்துக்கு எத்தனை கைவீச்சு, ஒரு வீச்சுக்கு எத்தனை மீற்றர் என்பது. இரண்டையும் பெருக்கினால் வேகம். 50 மீற்றரை 40 விநாடியில், 40 வீச்சில் கடந்த பிள்ளை, பிறகு அதே நேரத்தை 36 வீச்சில் எடுத்தால் அது முன்னேற்றந்தான். ஸ்டொப்வோட்ச் மட்டும் இதைக் காட்டாது. ஆனால் வீச்சை எண்ண, கரையில் நிற்கும் உங்கள் கண்ணே போதுமே!

1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தித் திரும்பிய வல்வெட்டித்துறை ஆனந்தன் சென்சரா கட்டினார் என்று சிலர் கேட்பார்கள். கடலில் தாக்குப்பிடிப்பது வேறு, தடாகத்தில் அரை விநாடி குறைப்பது வேறு.

இப்போதைக்கு ஒரு கொப்பியில் நேரத்தையும் வீச்சையும் எழுதி வாருங்கள். சென்சர் தரும் வரைபடங்களை வாசித்துத் திருத்தக்கூடிய பயிற்றுநர் கிடைத்தால், அதை அப்போது வாங்கலாம்.