இழுவைப் பெட்டியின் அலைவும் கொளுவியின் திருத்தமும்

உழவு யந்திரத்துக்குப் பின்னாற் பூட்டப்பட்ட இரு சில்லுப் பெட்டியானது, வெறுமையாகச் செல்லும்போது அமைதியாகவும், நெல் ஏற்றித் தெருவில் ஓடும்போது இருபக்கமும் வால் வீசிக்கொண்டும் வருவதைக் கமக்காரர் பலர் கண்டிருப்பர். சிலர் இதற்குத் தெருவின் பள்ளங்களைக் காரணங் கூறுவர்; சிலர் ஓட்டுநரைக் குறை கூறுவர். பெரும்பாலும் இக்குற்றம் தெருவில் உண்டாவதன்று. களத்தில் சாக்குகளை அடுக்கும்போதே அது உண்டாகிவிடுகின்றது. பெட்டியை யந்திரத்தோடு இணைக்கும் கொளுவி, அக்குற்றத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றது. அலையும் பெட்டி எதிரே வரும் துவிச்சக்கர வண்டியைத் தட்டலாம். மதகின் கட்டில் மோதலாம். யந்திரத்தையும் இழுத்துக்கொண்டு வாய்க்காலிற் சாயலாம். ஆதலால் ஏற்றும் முறையையும் கொளுவியைத் திருத்தும் முறையையும் கமக்காரர் ஒருங்கே அறிந்திருத்தல் வேண்டும்.

வண்டிலில் அறிந்த உண்மை

மாட்டு வண்டிலிற் பாரம் ஏற்றியோர்க்கு முன்பாரம், பின்பாரம் என்னுஞ் சொற்கள் புதியனவல்ல. பின்பாரமான வண்டிலில் நுகம் மேலெழும். பூட்டாங்கயிறு எருதுகளின் கழுத்தை நெரிக்கும். எருதுகள் முன்செல்ல மறுக்கும். முன்பாரம் மிகுந்தால் நுகம் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். ஆகவே அனுபவமுள்ள வண்டிற்காரர், பாரம் ஏற்றி முடிந்தபின் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்த்தே எருதுகளைப் பூட்டுவர். உழவு யந்திரத்துக்கு நெரிபடும் கழுத்து இல்லை, அது முறையிடுவதுமில்லை. இதனாலேயே பின்பாரத்தோடு நெடுந்தூரம் ஓடியபின்னரும் தவறு அறியப்படாமற் போகின்றது.

பெட்டியானது கொளுவியாணியைச் சுற்றி இடமும் வலமும் திரும்பத்தக்கது. ஒரு சில்லு பள்ளத்தில் விழுந்தால் பெட்டியின் வால் ஒருபுறம் ஒதுங்கும். பாரத்தின் நடு, சில்லுகளின் அச்சுக்குச் சற்று முன்னால் இருப்பின், ரயர்கள் நிலத்தைப் பற்றி வாலை மீண்டும் நேருக்குக் கொணரும். ஓரிரு ஆட்டங்களோடு அது அடங்கும். பாரத்தின் நடு அச்சுக்குப் பின்னால் இருப்பின், ஒதுங்கிய வாலைப் பாரமே மேலும் வெளியே தள்ளும். மெதுவாகச் செல்லும்போது இவ்வாட்டம் தானே தணியக்கூடும். வேகம் கூடக்கூட அது தணிய எடுக்கும் நேரமும் கூடும். ஒரு குறித்த வேகத்தைக் கடந்தபின் அது தணியாது. ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதிலும் பெரிதாகும். இறக்கத்தில் இந்த நிலை எதிர்பாராமல் வந்துவிடும். பாரம் எவ்வளவு பின்னால் இருக்கிறதோ, அக்குறித்த வேகம் அவ்வளவு குறைவாக இருக்கும்.

கொளுவியில் எவ்வளவு பாரம் தங்க வேண்டும்?

பெட்டியும் அதிலுள்ள பொருளும் சேர்ந்த மொத்த எடையில், பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமலும் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குக்கு மேற்படாமலும் இழுவைத்தண்டின் நுனியிற் பாரம் அழுந்துமாறு ஏற்றுதல் நன்று. எனினும் யந்திரத்தின் கொளுவி தாங்கக்கூடிய அளவை அதனைச் செய்தோர் தம் கைந்நூலிற் குறித்திருப்பர். அவ்வளவை எக்காரணங் கொண்டும் மீறலாகாது. இழுவைத்தண்டிற் பாரம் அளவுக்கு மிஞ்சினால் யந்திரத்தின் முன்சில்லுகள் இலேசாகி, திருப்பும் சக்கரத்துக்குக் கட்டுப்படாமற் போகும். இது மதகு ஏறும்போது நன்றாகத் தெரியவரும். பாரம் குறைத்து ஏற்றுவதே இதற்கு முதற் பரிகாரம்; முன்னெடைகள் கிடைக்குமாயின் அவற்றையும் பூட்டலாம்.

ஓர் உதாரணம் கூறுவோம். வெறும் பெட்டியின் எடை 600 கிலோகிராம். அதன் இழுவைத்தண்டின் நுனியில் 60 கிலோகிராம் அழுந்துகின்றது. கொளுவியாணியிலிருந்து அச்சு 3 மீற்றர் பின்னால் உள்ளது. பெட்டியின் தளம் அச்சுக்கு முன்னே 1.5 மீற்றரும் பின்னே 1.5 மீற்றரும் நீண்டுள்ளது. 60 கிலோகிராம் கொண்ட நெற்சாக்குகள் முப்பதைத் தளம் முழுவதும் ஒரே சீராக அடுக்குகின்றோம். மொத்த எடை 2,400 கிலோகிராம். பார்வைக்கு இது மிக ஒழுங்கான அடுக்கே. ஆயினும் முன்பாதியும் பின்பாதியும் ஒன்றையொன்று சமன்செய்துவிடுவதால், கொளுவியில் முன்போலவே 60 கிலோகிராம் மாத்திரமே அழுந்தும். வேண்டியதோ 240 கிலோகிராம். ஒழுங்காக அடுக்கிய பெட்டியும் ஏன் அலைகின்றது என்று வியப்போருக்கு இதுவே விடை.

இனி, கடைசி வரிசையிலிருந்து ஒரு சாக்கை எடுத்து முதல் வரிசையின் மேல் வைப்போம். அது ஏறக்குறைய 2.5 மீற்றர் முன்னே நகர்ந்தது. 60-ஐ 2.5-ஆற் பெருக்கி 3-ஆற் பிரித்தால் 50 கிடைக்கும். அஃதாவது, ஒரு சாக்கை மாற்றியதால் கொளுவியில் 50 கிலோகிராம் கூடியது. நான்கு சாக்குகளை மாற்றினால் 260 கிலோகிராம் ஆகும். நான்கு சாக்குகளைத் தூக்கிவைக்கும் சிறு உழைப்பினால் பெட்டியின் போக்கே மாறிவிடுகின்றது.

பாரத்தை அளந்து பார்க்க விரும்புவோர் நெற்கொள்வனவாளரிடமுள்ள மேடைத் தராசைப் பயன்படுத்தலாம். சமநிலத்தில் பெட்டியை நிறுத்திச் சில்லுகளுக்கு அடைகல் வைத்து, இழுவைத்தண்டு கொளுவியின் உயரத்தில் நிற்குமாறு செய்து, நுனியின் கீழே தராசை வைக்க வேண்டும். தராசு சிறிதாயின் உறுதியான பலகையொன்றின் ஒரு முனையைக் கல்லின் மேலும், மறுமுனையை 150 சென்ரிமீற்றர் தூரத்தில் தராசின் மேலும் வைத்து, கல்லிலிருந்து 50 சென்ரிமீற்றரில் இழுவைத்தண்டை இறக்குக. பலகை மாத்திரம் இருக்கையில் தராசு காட்டிய எடையைக் கழித்து, மீதியை மூன்றாற் பெருக்கினால் உண்மையான பாரம் கிடைக்கும். இவ்வாறு ஒருமுறை அளந்து, எந்த வரிசையில் எத்தனை சாக்கு என்று குறித்துவைத்தால், அப்போகம் முழுவதற்கும் அக்கணக்கே போதும்.

இறக்கும்போது உண்டாகும் ஆபத்து

மரக்கறி கொண்டுசெல்வோர் வழியிற் பல இடங்களிற் சரக்கை இறக்குவர். முன்புறத்துப் பெட்டிகளை முதலில் இறக்கிவிட்டால், காலையிற் சரியாயிருந்த பாரம் நண்பகலிற் பின்பாரமாகிவிடும். ஆகவே பின்னாலிருந்தே இறக்குதல் வேண்டும். பூசணி, நீற்றுப்பூசணி போன்று உருளுங் காய்களுக்குப் பின்னே தடுப்புப் பலகை வையாவிட்டால், ஏற்றத்தில் அவை யாவும் வாற்புறம் சேர்ந்துவிடும். அரைவாசி நிரப்பிய தண்ணீர்த் தாங்கியும் இத்தகையதே. அதனை நிரப்பியோ வெறுமையாகவோ கொண்டுசெல்க.

இன்னொரு வழக்கத்தையும் இங்கே கூறாமல் விடலாகாது. நெல்லை இறக்கிவிட்டு வயலுக்குத் திரும்பும்போது, வேலையாட்கள் வெறும் பெட்டியின் பின்விளிம்பிற் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்து வருவதுண்டு. மேற்கூறிய பெட்டியில் 55 கிலோகிராம் எடையுள்ள நால்வர் அவ்வாறு அமர்ந்தால், அவர்கள் இழுவைத்தண்டை 110 கிலோகிராம் விசையோடு மேலே தூக்குவர். அதில் இருந்ததோ 60 கிலோகிராம். எனவே இழுவைத்தண்டு கொளுவியை மேல்நோக்கி 50 கிலோகிராம் விசையோடு இழுத்துக்கொண்டே செல்லும். ஆணிக்குப் பூட்டூசி இல்லாவிட்டால் ஒரு குலுக்கலில் ஆணி கழன்று, பெட்டி தனியே பின்னோக்கிக் கவிழும். பெட்டியில் ஆட்களை ஏற்றாதிருத்தலே முறை.

கொளுவிகளும் அவற்றின் குறைகளும்

நாற்சில்லு யந்திரங்களிற் பொதுவாக மூன்று வகைக் கொளுவிகளைக் காணலாம்.

பின் அச்சின் கீழே அமைந்து, நீரழுத்தத்தால் இறங்கி ஏறும் கொக்கிக் கொளுவி பெட்டி இழுப்பதற்கு மிகச் சிறந்தது. அது அச்சுக்கு அண்மையில் உள்ளது. கொளுவி அச்சிலிருந்து எவ்வளவு பின்னால் உள்ளதோ, அவ்வளவுக்குப் பெட்டியின் பக்கத்தள்ளல் யந்திரத்தைத் திருப்ப வல்லதாகும். நீண்ட அலவாங்கு இலகுவிற் கல்லைப் புரட்டுவது போலவே இதுவும். அமெரிக்காவில் மோட்டார் வண்டிகளுக்குப் பின்னால் இழுத்துச் செல்லப்படும் வீட்டுப் பெட்டிகளிலும் இதே தொல்லை உண்டு. அங்கே அலைவைக் குறைக்க உராய்வுச் சட்டங்களும் வில்லுச் சட்டங்களும் கொளுவியிற் பூட்டுகின்றனர். பின்பாரமாக ஏற்றிய பெட்டியை அவையும் திருத்தமாட்டா. கொக்கிக் கொளுவியில் இரு காரியங்களைப் பார்க்க வேண்டும்: கொக்கியை மூடும் பூட்டு முற்றாக விழுந்திருத்தல், குறுகிய திருப்பத்தில் இழுவைத்தண்டு பின்ரயரில் உராயாதிருத்தல்.

இரண்டாவது, யந்திரத்தின் அடியிலிருந்து நீண்டு இடம் வலம் அசையும் இழுவைச் சட்டம். வயலிற் கனமான கருவிகளை இழுக்கையில் இவ்வசைவு உதவும். தெருவில் அது கேடு. பெட்டி பூட்டுமுன் சட்டத்தை நடுத்துளைக்குக் கொணர்ந்து, இருபக்கத் தடுப்பாணிகளையும் இட்டு அசையாமற் செய்க.

மூன்றாவது, கலப்பை பூட்டும் இரு கீழ்க்கைகளுக்கும் குறுக்கே இடும் துளைச் சட்டம். நம் கமக்காரர் பலர் பெட்டிக்கு இதனையே பயன்படுத்துகின்றனர். அலைவு பற்றிய முறைப்பாடும் இவர்களிடமிருந்தே அதிகம் எழத்தக்கது. கீழ்க்கைகள் இயல்பாகவே பக்கவாட்டில் அசைவன. பக்கச் சங்கிலிகள் தளர்ந்திருந்தால் பெட்டியின் தண்டு முழுவதும் அக்கைகளோடு சேர்ந்து ஊசலாடும். வேறு கொளுவி இல்லாதவிடத்து இதனைப் பயன்படுத்துவோர், பக்கச் சங்கிலிகளை இருபுறமும் ஒரே அளவாக இறுக்கி, கைகள் ஏறவோ இறங்கவோ மாட்டாதபடி தாங்கு சலாகைகளைப் பூட்டி, நடுத்துளையிலேயே ஆணியை இட வேண்டும். ஆயினும் பாரமான பெட்டிக்கு இதனை நாம் சிபாரிசு செய்வதில்லை.

கொளுவியின் உயரம், பெட்டியின் தளம் மட்டமாகவோ முன்புறம் சிறிதே தாழ்ந்தோ நிற்குமாறு அமைதல் வேண்டும். முன்புறம் உயர்ந்தால் பாரம் பின்னே சாயும். உயரத்தைச் சரிப்படுத்துவதற்காகக் கலப்பையின் மேற்கை பூட்டும் இடத்திற் பெட்டியைக் கொளுவுதல் உயிராபத்தானது. அங்கிருந்து இழுக்கும்போது யந்திரம் பின்பக்கமாகக் குப்புறப் புரளக்கூடும்.

ஆணியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 25 மில்லிமீற்றர் ஆணி, தேய்ந்து 32 மில்லிமீற்றர் ஆகிவிட்ட வளையத்தில் நின்றால், ஒவ்வோர் அசைவிலும் 7 மில்லிமீற்றர் ஓடி மோதும். அம்மோதலே அலைவைத் தொடக்கிவைக்கும். துளையையும் மேலும் பெருப்பிக்கும். தேய்ந்த வளையத்துக்குப் புதிய புஷ் அடித்து ஒட்டுவித்தல் சிறு செலவே. அலவாங்குத் துண்டையோ பழைய போல்ட் ஆணியையோ மாற்றாகச் செருகுதல் கூடாது. தலையுள்ள உருக்கு ஆணியும், கீழே பூட்டூசியும், அவற்றுக்கு மேலதிகமாக ஒரு காவற் சங்கிலியும் இருத்தல் அவசியம்.

பெட்டியின் ரயர்களில் ஒன்று இறுகியும் மற்றது தளர்ந்தும் இருந்தால், கொளுவி எவ்வளவு செம்மையாயினும் பெட்டி ஒருபுறம் இழுக்கும். காற்றைக் குளிர்ந்த நிலையிற் பார்க்க.

இரு சில்லு யந்திரம்

1950களில் வந்த லான்ட்மாஸ்ரரின் பெயராலேயே இன்றும் பலரால் அழைக்கப்படும் இரு சில்லு யந்திரத்துக்கும் மேற்கூறிய முன்பார விதி பொருந்தும். ஆனால் அதன் இலேசான உடலைப் பெட்டி எளிதில் ஆட்டிவிடும். வெலிமடை, நுவரெலியாப் பகுதிகளின் சரிவுகளில் மரக்கறி இறக்குவோர் ஒன்றை மறக்கலாகாது. சமநிலத்தில் இடது திருப்பற் பிடியை அழுத்தினால் இடது சில்லுக்கு யந்திரத்தின் இழுவை நின்று, வலது சில்லு முன்செல்ல, வண்டி இடப்புறம் திரும்பும். இறக்கத்திலோ பெட்டி பின்னாலிருந்து தள்ளுகின்றது. விடுபட்ட இடது சில்லு தடையின்றி ஓட, வலது சில்லை யந்திரம் தடுத்து நிறுத்த, வண்டி வலப்புறம் திரும்பிவிடும். பள்ளத்துக்கு விலக எண்ணியவர் பள்ளத்தையே நோக்கிச் செல்வர். ஆகையால் இறக்கத்தில் அப்பிடிகளைத் தொடாது கைபிடியை மாத்திரம் தள்ளித் திருப்புக. இறங்குமுன்னரே தாழ்ந்த கியரை இடுக. நடுச்சரிவிற் கியரை விடுவித்தலும் கிளச்சை அழுத்தி ஓடவிடுதலும் கூடா.

ஓடும்போது அலைவு தொடங்கினால்

விசையைச் சிறிது சிறிதாகக் குறைத்துத் திருப்பும் சக்கரத்தை நேராகப் பிடித்துக்கொள்க. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எதிர்ப்புறம் திருப்பினால் ஆட்டம் பெருகும். பெட்டிக்குத் தனிப் பிறேக்கு இருப்பின் அதனை மாத்திரம் மெல்லப் பிடிக்கலாம். யந்திரத்தின் பிறேக்கைத் திடீரென மிதித்தால் பெட்டி முன்னே தள்ளி மடிந்துவிடும். தெருவில் ஓடும்போது இடது வலது பிறேக்கு மிதிகள் இரண்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். வயலிற் கழற்றியதை மறந்து தெருவுக்கு ஏறுவோர் பலர். அலைவு அடங்கியபின் அப்படியே தொடர்ந்து ஓடாது, ஓரமாக நிறுத்திச் சாக்குகளை முன்னே மாற்றுக.

ஏற்றியபின் களத்திலிருந்து தெருவுக்கு வந்து, முதல் ஒரு கிலோமீற்றரை மெதுவாக ஓட்டி நிறுத்துக. இறங்கி, பூட்டூசி நிற்கின்றதா, பக்கச் சங்கிலி தளர்ந்ததா, கயிறு நெகிழ்ந்ததா என்று பார்த்து, பெட்டியின் இரு சில்லுக் குடங்களையும் புறங்கையால் தொட்டுப் பார்க்க. ஒன்று மற்றதிலும் அதிகம் சுடுமாயின் அதன் குண்டுப்போதிகை இறுகியோ தேய்ந்தோ இருக்கும். பாரத்தை இறக்கியபின் அச்சில்லைத் தூக்கி ஆட்டிப் பார்த்து, அடுத்த ஏற்றத்துக்கு முன் திருத்துவிக்க வேண்டும்.