எந்த ப்ராசசர் எடுக்கலாம்? கடைக்குப் போகுமுன் ஒரு பாடம்



பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, வீட்டிலேயே ஒரு நல்ல கணினியைப் பொருத்திவிட வேண்டும் என்ற ஆசை உங்களில் பலருக்கு உண்டு. பகுதி நேர வேலையில் சேர்த்தது, அப்பா ஓவர்டைம் பார்த்துக் கொடுத்தது என்று எப்படியோ பணமும் சேர்ந்துவிடும். பிறகு கோலாலம்பூர் லோயாட் பிளாசாவிலோ சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேரிலோ போய் நின்று, "எது பெஸ்ட்?" என்று கேட்போம். இப்படிக் கேட்டால் விலை கூடினதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நம் கேள்விதான் சரியில்லை. "என் வேலைக்கு எது?" என்று கேட்கத் தெரிய வேண்டும். அதற்கு நான்கு படிகள்.

முதல் படி: வேலையைப் பிரிக்க முடியுமா?

ப்ராசசருக்குள் கணக்குப் போடும் பகுதிகளைக் கோர் என்கிறோம். கோர் கூடினால் வேகமும் அதே அளவு கூடும் என்று நினைக்கிறோம். அது முழு உண்மையில்லை.

கோயில் அன்னதானச் சமையலை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆள் தனியாகச் செய்தால் 100 நிமிடம் ஆகிறது. அதில் காய் நறுக்குவது போன்ற 80 நிமிட வேலையைப் பலர் பங்கு போட்டுக்கொள்ளலாம். மீதி 20 நிமிடம் சோறு வேக வேண்டும், அதைப் பங்கு போட முடியாது. 8 பேர் வந்தால் 10 நிமிடம் கூட்டல் 20, மொத்தம் 30 நிமிடம். 16 பேர் வந்தால்? 5 கூட்டல் 20, மொத்தம் 25. ஆள் இரட்டிப்பானாலும் மிச்சம் 5 நிமிடம்தான். 80 பேரே வந்தாலும் 21 நிமிடத்துக்குக் கீழே போகாது. ஜீன் ஆம்டால் என்ற கணினி வல்லுநர் 1967இல் முன்வைத்த கருத்து இதுதான். இன்றும் அவர் பெயரால் ஆம்டால் விதி என்கிறார்கள்.

3டி ரெண்டரிங், பெரிய புரோகிராம்களைக் கம்பைல் செய்வது, சில வகை வீடியோ வேலைகள் எல்லாம் காய் நறுக்குவது போல. கோர் கூடக் கூட நேரம் நன்றாகக் குறையும். கேம் அப்படியில்லை. அதில் பாதி வேலை ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்று வரிசையாகப் போகும். பெரும்பாலான கேம்களுக்கு 8 கோர் தாராளம்.

இரண்டாம் படி: அஞ்சறைப்பெட்டி எவ்வளவு பெரிசு?

ப்ராசசருக்குள்ளேயே ஒரு சின்ன நினைவகம் இருக்கிறது. கேஷ் என்பார்கள். அது அடுப்புப் பக்கத்தில் இருக்கும் அஞ்சறைப்பெட்டி. ரேம் என்பது ஸ்டோர் ரூம். ஒவ்வொரு தடவையும் ஸ்டோர் ரூமுக்கு ஓடினால் சமையல் தாமதமாகும் இல்லையா? கேமுக்கு இது ரொம்ப முக்கியம்.

ஏஎம்டி நிறுவனத்தின் மூன்று ப்ராசசர்களைப் பாருங்கள். ரைசன் 7 9700எக்ஸ்: 8 கோர், மூன்றாம் நிலைக் கேஷ் 32 எம்பி. ரைசன் 7 9800எக்ஸ்3டி: அதே 8 கோர், ஆனால் கேஷ் 96 எம்பி. ரைசன் 9 9950எக்ஸ்: 16 கோர், கேஷ் 64 எம்பி. பெயரில் 9 இருக்கிறதே, அதுதான் உசத்தி என்று எண்ணிவிடாதீர்கள். கேம் விளையாட நடுவில் இருப்பதே பொதுவாக முந்தும். ரெண்டரிங் என்றால் 16 கோர் முந்தும்.

இன்னொன்று. 4கே திரையில் முழு அழகோடு விளையாடுகிறவருக்கு, பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுதான் முதலில் மூச்சு வாங்கும். அப்போது ப்ராசசருக்குக் கொட்டும் பணம் திரையில் தெரியாது.

மூன்றாம் படி: எந்த மதர்போர்டில் உட்காரும்?

ப்ராசசரைத் தேர்ந்தெடுத்தால் மதர்போர்டையும் சேர்த்தே தேர்ந்தெடுத்துவிட்டோம். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் 2022இல் வந்தது. அதற்கு டிடிஆர்5 ரேம் மட்டுமே பொருந்தும். இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறைகள் எல்ஜிஏ1700இல் உட்காரும். 2024இல் வந்த கோர் அல்ட்ரா 9 285கே போன்றவற்றுக்கு எல்ஜிஏ1851 என்ற வேறு போர்டு வேண்டும். நாலு வருடம் கழித்து ப்ராசசரை மட்டும் மாற்றலாமா, இல்லை போர்டையும் சேர்த்து மாற்றணுமா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய சாமான் வாங்குகிறவர்கள் கவனிக்க: இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை ப்ராசசர்கள் சிலவற்றில் மின்னழுத்தம் மிகுந்து கணினி நிலையில்லாமல் போகும் கோளாறு இருந்ததை, 2024இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது. எனவே பயாஸ் புதுப்பித்ததா, உத்தரவாதம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்காமல் காசை நீட்டாதீர்கள்.

நான்காம் படி: நம்ம ஊர் வெயில்

அட்டையில் 170 வாட் என்று போட்டிருந்தால் அதற்கு மேல் இழுக்காது என்று பொருளில்லை. ரைசன் 9 9950எக்ஸ் முழு வேலையில் 230 வாட் வரை போகலாம். இன்டெல் கோர் ஐ9 14900கேயின் உச்ச அளவு 253 வாட். அந்தச் சூடெல்லாம் உங்கள் அறைக்குள்தான் வந்து சேரும்.

காற்றாலோ தண்ணீராலோ இயங்கும் சாதாரணக் கூலர் எதுவும் ப்ராசசரை அறையின் வெப்பத்துக்குக் கீழே இறக்காது. வெளிநாட்டு விமர்சகர் 22 டிகிரி அறையில் சோதித்த கூலரை நீங்கள் ஏர்கான் இல்லாத 32 டிகிரி அறையில் வைத்தால், ப்ராசசரும் ஏறக்குறைய 10 டிகிரி கூடுதலாகச் சுடும். 9950எக்ஸ் 95 டிகிரியைத் தொட்டால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதிகப் பணம் கொடுத்து வாங்கிய வேகம் அங்கேயே கரைந்துபோகும். ஆகவே பெரிய ப்ராசசர் என்றால் நல்ல கூலர், காற்றோட்டமான பெட்டி, தரமான பவர் சப்ளை எல்லாவற்றையும் அதன் விலையோடு கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

இப்போது சொல்லுங்கள் பார்ப்போம். ஒரு வீட்டில் அண்ணன் கேம் விளையாடுகிறார், தங்கை அனிமேஷன் படிக்கிறார். இருவருக்கும் ஒரே ப்ராசசர் சரிவருமா? அண்ணனுக்குக் கேஷ் நிறைந்த 8 கோர் போதும், மிச்சப் பணம் கிராபிக்ஸ் கார்டுக்கு. தங்கை ப்ராசசரைக் கொண்டே ரெண்டர் செய்கிறார் என்றால் 16 கோர் அவருக்குத்தான் வேண்டும். அவர் மென்பொருள் கிராபிக்ஸ் கார்டில் ரெண்டர் செய்வதாக இருந்தால் கணக்கே மாறிவிடும்.

வீட்டில் செய்து பாருங்கள்

1. இப்போது இருக்கும் கணினியில் உங்கள் வழக்கமான வேலையைச் செய்துகொண்டே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ப்ராசசர் 100 சதவீதத்திலேயே நின்றால் கூடுதல் கோர் உதவலாம். 20, 30 சதவீதத்திலேயே இருந்தும் நீங்கள் காத்திருக்கிறீர்கள் என்றால், கோர் கூட்டிப் பயனில்லை.

2. கேம் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு 95 சதவீதத்துக்கு மேலேயே இருக்கிறதா? அப்படியானால் பணம் போக வேண்டிய இடம் அதுதான்.

3. ப்ராசசர், மதர்போர்டு, ரேம், கூலர், பவர் சப்ளை ஐந்தின் விலையையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டுங்கள். அந்தத் தாளை வீட்டில் பணம் கொடுக்கிறவரிடம் காட்டி, ஒவ்வொன்றும் எதற்கு என்று விளக்குங்கள். விளக்க முடியாத சாமானை இப்போதைக்கு வாங்க வேண்டாம்.