எது மலிவு?

சாரல் காலத்தில் குற்றாலத்திற்கு வருவோர் பலர் ஊர் திரும்பும்போது நேந்திரங்காய் வறுவல் வாங்கிச் செல்வர். அருவிக்கரைக் கடையில் 150 கிராம் பொட்டலம் 66 ரூபாய். அருகிலுள்ள தென்காசியில் 200 கிராம் பொட்டலம் 84 ரூபாய். எது மலிவு? (இங்கு வரும் விலைகள் யாவும் கணக்குக்காகக் கொண்டவை.)

66 சிறிய எண். ஆகவே அதுவே மலிவு என்று சொல்லலாமா? இரும்பு கனமா, மரம் கனமா என்று அறிய, ஓர் இரும்பு ஆணியையும் ஒரு மர உத்தரத்தையும் நாம் நிறுத்துப் பார்ப்பதில்லை. நிறையைப் பருமனால் வகுத்து அடர்த்தியைக் காண்கிறோம். விலைக்கும் அதுவே வழி. விலையை அளவால் வகுத்தால் கிடைப்பது அலகு விலை.

66 ÷ 150 = 0.44, அதாவது கிலோவுக்கு 440 ரூபாய்.
84 ÷ 200 = 0.42, அதாவது கிலோவுக்கு 420 ரூபாய்.

தென்காசிப் பொட்டலமே மலிவு. ஆனால் 200 கிராமில் மிச்சமாவது 4 ரூபாய்தான். அதற்கென்றே பேருந்து ஏறினால் நஷ்டம்!

அச்சிட்ட எண்

சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011-இல் செய்யப்பட்டவை. 2021-இல் வந்த திருத்தத்தின்படி, பொட்டலத்தின் மீதே அலகு விலையை அச்சிட வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் கிராமுக்கும், மிகுந்ததில் கிலோவுக்கும் விலை குறிக்கப்படும். ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே அலகுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அந்த எண் அதிகபட்ச சில்லறை விலையைக் கொண்டு கணக்கிட்டது. கடைக்காரர் விலையைக் குறைத்து விற்றால், நாமேதான் மறுபடி வகுக்க வேண்டும்.

இரண்டாவது, அது இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்கப்பட்டது. 250 கிராம் மல்லித்தூள் 62 ரூபாய் என்றால் கிராமுக்கு 0.248. 400 கிராம் 101 ரூபாய் என்றால் 0.2525. இரு பொட்டலங்களிலும் 0.25 என்றே அச்சாகும்! உண்மையில் கிலோவுக்கு முன்னது 248 ரூபாய். பின்னது 252 ரூபாய் 50 காசு. கிராமில் அற்பமாகத் தோன்றும் பிழை, கிலோவாகும்போது ஆயிரம் மடங்காகிறது.

இங்கே சிறிய பொட்டலமே மலிவு என்பதையும் பாருங்கள். மாதச் சம்பளக்காரர் பெரிய பொட்டலமாக வாங்குவதால் லாபம் அடைகிறார், அன்றாடக் கூலி பெறுபவர் சிறிதாக வாங்குவதால் நஷ்டப்படுகிறார் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. அது பல சமயம் உண்மை, எப்போதும் அன்று. வகுத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

லிட்டரா, கிலோவா?

கடையில் ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் 368 ரூபாய். செக்கில் ஒரு கிலோ 390 ரூபாய். லிட்டர் பருமனின் அலகு. கிலோ நிறையின் அலகு. இரண்டையும் இணைக்கும் பாலம் அடர்த்தியே. தேங்காய் எண்ணெயின் அடர்த்தி லிட்டருக்கு ஏறத்தாழ 0.92 கிலோ. ஆகவே கடை எண்ணெயின் விலை கிலோவுக்கு 368 ÷ 0.92 = 400 ரூபாய். பெரிய எண்ணாகத் தோன்றிய செக்கு விலையே குறைவு.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டு மளிகைச் சீட்டிலிருந்து பத்துப் பொருட்களை எடுத்துக்கொள்ளுங்கள். பொருள், அளவு, விலை, அலகு விலை என நான்கு கட்டங்கள் போட்டு, இரண்டு கடைகளின் விலைகளை நிரப்புங்கள். தரம் ஒன்றாக உள்ள பொருட்களை மட்டுமே ஒப்பிடுங்கள். அடுத்த மாதச் சாமான் வாங்குமுன் அதை வீட்டில் காட்டுங்கள்.